ஒரு சாண் பலகை

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டால், "இல்லைன்னா மட்டும் வந்து பாக்கப் போறியா" என்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசலாம் என்றால், நான் "அண்ணி" என்று வாயெடுத்ததும் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். போன தடவை உங்களைவிடச் செய்தி வாசிக்கிறவர் குரல்தான் எனக்கு அதிகம் கேட்டது. கடிதமென்றால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் என் பாதியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அப்பா போன பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினோம். அன்றிலிருந்து என் பக்கம் பூட்டித்தான் கிடக்கிறது. இங்கே வாடகைக்கு வீடு மாறி மாறி எனக்கும் என் மனைவிக்கும் அலுத்துவிட்டது. பிரிக்காத அட்டைப்பெட்டிகளையே திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சின்னதாக ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டால் ஆணியாவது இஷ்டப்பட்ட இடத்தில் அடிக்கலாம். எனக்கும் முன்போல முடியவில்லை, அண்ணி. குளிர்பதனக் கிடங்கில் வேலை முடித்து வந்து படுத்தால், விடியும் வரைக்கும் பாதம் சூடேறுவதில்லை.

தரகர் போய்ப் பார்த்திருக்கிறார். ஜன்னலெல்லாம் உளுத்துவிட்டதாம், கூரை ஓரப் பலகை தொங்குகிறதாம். "பல்லு போன வாய் மாதிரி இருக்கு சார், எவன் வாங்குவான்?" என்கிறார். ஜன்னல்களையும் அந்தப் பலகையையும் மாற்றிவிட்டால் உடனே ஆள் கொண்டுவருவாராம்.

சாவி உங்களிடம் இருக்கிறது. நல்ல தச்சராகப் பார்த்து நீங்கள்தான் செய்து தர வேண்டும். அண்ணனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அது சண்டை, நீங்கள் சொன்னால் அது செய்தி.

அன்புடன்,
உங்கள் தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படிப்பேன். இந்தத் தடவை நின்றுகொண்டே படித்தேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. போகட்டும், துடைக்கத்தானே நான் இருக்கிறேன்.

விற்கப் போகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்த வரியை உன் அண்ணனிடம் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் சொல்லலாம் என்றால் செருப்பைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சொன்னால் சாப்பாடு இறங்காது. கடைசியில் துணி மடித்துக்கொண்டே, துணியிடம் சொல்வது போலச் சொன்னேன். வாசலுக்குப் போய் நின்று கூரையைப் பார்த்தார். திரும்பி வந்து, "அவன் பக்கம் பளபளன்னு இருக்கும், நம்ம பக்கம் அழுது வடியணுமா? நம்மதையும் சேத்து மாத்திடு" என்றார். ஏன் விற்கிறான் என்று கேட்கவில்லை. விற்றுத் தொலைக்கட்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்துத் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வர்றேன்மா" என்பார், அதனால் அவருக்கு நான் வைத்த பெயரே நாளைக்கு. ஒருவழியாக வந்து பார்த்தார். உன் பக்கத்து ஜன்னல் சட்டங்களை விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போகிறது. பின்னறை ஜன்னல்தான் ரொம்ப மோசம். நீ சினிமா பார்த்துவிட்டு ஏறிக் குதிப்பாயே, நான் கொக்கி போடாமல் வைப்பேனே, அதேதான். மரம் மாவாகிவிட்டது, கொக்கி மட்டும் துருவே இல்லாமல் இருக்கிறது. "எண்ணெய் விடறீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம், விடுகிறேன். பூட்டிய வீடுதானே என்று எனக்கு விட மனசு வரவில்லை. பெருக்கப் போகும்போதெல்லாம் ஒரு சொட்டு விடுவேன்.

சிக்கல் கூரை ஓரத்தில்தான். முன்பக்கம் ஓட்டுக்குக் கீழே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே ஓட்டமாகப் பலகை போகிறது. நீங்கள் வீட்டைத்தான் பிரித்தீர்கள், கூரையை யாரும் பிரிக்கவில்லை. அவ்வளவு நீளத்துக்கு ஒரே பலகை கிடைக்காதாம். இரண்டாகப் போட்டு நடுவில் இணைக்க வேண்டும். அந்த இணைப்பு, ஓட்டைத் தாங்குகிற கைமரத்தின் நுனியில் விழ வேண்டுமாம். அங்கேதான் ஆணி பிடிக்கும், இல்லாவிட்டால் வாய் பிளந்து தண்ணீர் இறங்கும் என்றார். ஆனால் கைமரம் நடுச்சுவருக்கு நேராக இல்லை. உன் பக்கம் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. எங்கள் பலகை உன் பக்கத்துக்குள் ஒரு சாண் வந்தால்தான் சரியாக இருக்கும்.

உன் அண்ணன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "டேப் வெச்சு அளந்து வாங்கினவன் அவன். அவன் எல்லையில ஒரு விரக்கடைகூட நான் போக மாட்டேன்."

பாகம் பிரித்த அன்று நீ டேப்போடு ஒரு ஆளைக் கூட்டி வந்தாய் அல்லவா, அதை இன்னும் அவர் விழுங்கவில்லை. "கையை நீட்டி இது வேணும்னு காட்டியிருந்தா பூராவையும் குடுத்திருப்பேனே" என்று இன்றைக்கும் சொல்கிறார். ரவிக்கைக்கு அளவெடுக்கிற நாடாவைக்கூட நான் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன், தெரியுமா?

அந்த ஒரு சாணுக்கு என்ன பதில் என்று எழுது. எனக்கு இரண்டு பேரிடமும் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

இரட்டை ஷிப்ட் முடித்து வந்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேப் விஷயத்தை நான் எத்தனை தரம் சொல்வது? பத்திரம் பதிய வரைபடம் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள், அதற்காக அளக்கிறவரைக் கூட்டி வந்தேன். அண்ணன் மேல் சந்தேகப்பட்டு வந்ததாக அவரே ஒரு கதை கட்டிக்கொண்டார். வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவர் எழுந்து வெளியே போனவர்தான், அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

ஒரு சாணுக்கெல்லாம் நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள்.

ஜன்னல் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வாங்குகிறவன் கண்ணுக்குப் புதுசாகத் தெரிந்தால் போதும். பின்னறைக்கு மட்டும் வெளியே திறக்கிற மாதிரியே போடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

முழங்கால் வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். தேய்த்துவிட்டு உடனே ஈரத்தில் நிற்காதீர்கள்.

உங்கள் தம்பி


செப்டம்பர் 24

தம்பிக்கு,

மருந்து வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

வேலை முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று கேள்.

வழக்கமாக உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டும்போது அரிசி மாதிரி கல் பொறுக்கித்தான் படிப்பேன். அவர் பேச்சையும் கல் பொறுக்கித்தான் உனக்கு எழுதுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் வண்டி ஓடுகிறது. அன்றைக்கு எனக்குத் தலைவலி. பொறுக்கவில்லை, நீ எழுதியதை அப்படியே படித்துவிட்டேன். "தாராளமாவா? எனக்குப் பிச்சை போடறானா அவன்?" என்று எழுந்தவர், நேராக நாளைக்கு வீட்டுக்குப் போனார். டேப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற மனுஷன், டேப்பை வாங்கிக்கொண்டு தானே ஏணியில் ஏறி, நடுச்சுவருக்கு நேரே மயிரிழை பிசகாமல் கோடு போட்டார். "இங்க வெட்டு. இந்தப் பக்கம் என்னுது, அந்தப் பக்கம் அவனுது."

நாளைக்கு ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை அவரைப் பார்த்தார். "ஆணி காத்துல நிக்கும் சார்" என்றார். "நிக்கட்டும்" என்றார் உன் அண்ணன். வெட்டிவிட்டார்கள். கீழே இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைப் பலகை, நடுவில் நேராக ஒரு கோடு, பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி கச்சிதம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் பக்கத்துப் பழைய ஜன்னல்களைப் பெயர்த்தவர், புதுசு தயாராகவில்லை, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடு கண் தோண்டிய மாதிரி கிடந்தது. பிளாஸ்டிக் தாளை அடித்து மறைத்தேன், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் உன் அண்ணன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு உன் பக்கம் போனார். நான் கேட்டதற்கு, "எவனாவது நுழைஞ்சு எதையாவது தூக்கிட்டுப் போனா என் தலைதான் உருளும்" என்றார். உள்ளே தூக்கிக்கொண்டு போக என்ன இருக்கிறது, ஒரு விளக்குமாறும் வாளியும் தவிர? புது ஜன்னல் மாட்டுகிற வரைக்கும் தினமும் அங்கேதான் படுத்தார். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மரத்தூள், கூட்டக் கூட்ட வருகிறது.

அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

தரகர் படம் எடுத்து அனுப்பினார். நம் வீடா என்று இருந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

வாங்க விருப்பமுள்ளவர்கள் அடுத்தடுத்து வருவார்கள் என்கிறார். தரகர் கூட வந்தாலும், வீட்டைப் பற்றிச் சொல்ல உங்களைப் போல ஆள் வராது. கொஞ்சம் பெருக்கித் துடைத்து வைத்து நீங்களே காட்டிவிடுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், எந்த அறைக்கு வெளிச்சம் வரும் என்றெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.

அண்ணன் நிஜமாகவே என் பக்கம் படுத்தாரா? எந்த அறையில்?

இங்கே ஒரு வீடு பார்த்தோம். சமையலறை சின்னது, ஆனால் ஜன்னல் இருக்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் தம்பி


அக்டோபர் 27
என் தங்கை வீடு

தம்பிக்கு,

மேலே எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில். பின்னறையில்தான் படுத்தார்.

இனி நான் சொல்வதைக் கேள். மழை ஆரம்பித்தது. நாளைக்கு சொன்னபடியே அந்த இணைப்பு வாய் பிளந்துவிட்டது. தண்ணீர் உன் பக்கமும் போகவில்லை, எங்கள் பக்கமும் போகவில்லை, நடுச்சுவருக்குள் இறங்கியது. சுவர் இரண்டு பக்கமும் ஊறி, சுண்ணாம்பு கட்டி கட்டியாக உதிர்ந்து, தரையில் கஞ்சி மாதிரி ஓடியது. உன் அண்ணன், "அவன் பக்கத்துப் பலகை வளைஞ்சிருக்கு, அதான்" என்றார். உன் தரகர் வந்து, "உங்க சார் பக்கத்துல இருந்துதாம்மா வருது" என்று உனக்காக வாதாடினார். வீடு பார்க்க வந்த தம்பதி சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டீகூட வேண்டாமென்று கிளம்பிவிட்டார்கள்.

நான் இந்தப் பக்கம் துடைப்பேன், வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, உன் பக்கத்துக் கதவைத் திறந்து அங்கே துடைப்பேன். முடித்துவிட்டு வந்தால் இங்கே மறுபடியும் ஓடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளத்துக்காவது கையில் துடைப்பம் கொடுக்க மாட்டார்கள்.

அப்படிப் போகும்போது வாசல்படியில் வழுக்கி விழுந்தேன். வாளி உருண்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே இருந்து உன் அண்ணன் குரல் வந்தது.

"எந்தப் பக்கம் விழுந்த?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி, தம்பி. யார் வீட்டுத் தண்ணீரில் வழுக்கினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம், உன் தரகரிடம் சொல்ல. ஈரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது நினைத்துப் பார்த்தேன். வீட்டில் பாதி அவருடையது, பாதி உன்னுடையது. ஒழுகுகிற இடம் மட்டும்தான் என்னுடையது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான், சொல்லிவிடுகிறேன். பெருக்கி வை, துடைத்து வை, வருகிறவனுக்குக் காட்டு என்று எழுதினாய். நான் கல்யாணமாகி வந்தபோது நீ அரை டிராயர் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாய். உன் வீட்டை யாரோ ஒருத்தனுக்குச் சுற்றிக் காட்ட எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரி கேட்டாயா? எனக்குப் பிடிக்கவில்லை. நீ விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ இருமுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் தூங்க முடியாது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உன்னிடமும் கல் பொறுக்கியே பழகிவிட்டேன்.

உன் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன், எங்கள் சாவிக்குப் பக்கத்தில். ஒரு பையில் நாலு துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். "எங்க?" என்று கேட்டார். "நடுவுல இருந்து கொஞ்சம் தள்ளி" என்றேன்.

இங்கே மத்தியானம் தூங்குகிறேன். தங்கை எழுப்புவதே இல்லை.

அண்ணி


நவம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்று படித்தேன். அன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பெட்டிகளை மாற்றி அடுக்கி மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் முகம் சுளிக்காமல் செய்துகொண்டே இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. அதுவும் ஒரு சமாதானம்தான், விடுங்கள்.

வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். உங்கள் பெயர் இல்லாமல் அந்த நம்பரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. எடுத்தார். டிவி சத்தம் இல்லை, அண்ணி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவர்தான், "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், அவரும் சாப்பிட்டேன் என்றார். அதை நான் நம்பவில்லை.

பிறகு, "அண்ணி எப்ப வர்றாங்கன்னு கேட்டு எழுது" என்றார். வைக்கப் போகும்போது, "டீத்தூள எங்க வெச்சிருக்காங்கன்னும் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். எப்போது வருகிறீர்கள், அண்ணி? அண்ணன் ரொம்ப உடைந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. வலி குறைந்ததா?

உங்கள் தம்பி


நவம்பர் 24

தம்பிக்கு,

டீத்தூள் வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்து தேடினால் கிடைக்கும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். தங்கை பயந்துவிட்டாள். அவர் சொன்னதை நீ எழுதுகிறாய். நான் எழுதுவதை நீ அவரிடம் சொல்வாய். அதிலும் கல் பொறுக்குவாய். "ரொம்ப உடைஞ்சிருக்கார்" என்று எழுதியிருக்கிறாயே, அது அவர் வாயிலிருந்து வந்திருக்காது, நீ பொறுக்கிப் போட்டது. என் வேலையை இப்போது நீ பார்க்கிறாய். வேண்டாம். அதில் எவ்வளவு களைப்பு என்று உனக்குத் தெரியாது.

அவருக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் கையால் எழுதட்டும். கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதத் தெரியாதவரும் இல்லை. தண்ணீர் வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று ஆபீசுக்கு மூன்று பக்கம் எழுதியவர்தானே.

உனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நீ போய்ச் சொல். அந்த டேப் கதையைக்கூட என்னிடம்தான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய், அவரிடம் ஒரு தரமும் சொன்னதில்லை.

அவர் கையெழுத்தைப் பார்க்கும் வரை நான் உனக்கும் எழுதப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. முடியவில்லை, தம்பி, அதனால் சொல்கிறேன்.

அண்ணி


டிசம்பர் 20
வீட்டிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். படித்தால் போதும்.

லீவு போட்டு வந்துவிட்டேன். சொல்லாமல்தான் வந்தேன். என் சாவி உங்கள் வீட்டு ஆணியில் அல்லவா இருக்கிறது, அண்ணன் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. திறந்தவர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மெலிஞ்சிட்ட" என்றார். அவரும் மெலிந்துதான் போயிருக்கிறார், அண்ணி. இது நான் பொறுக்கிப் போட்டது இல்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். டீ போட்டுக் கொடுத்தார். டீத்தூளை அவரே கண்டுபிடித்துவிட்டார். டீ வாயில் வைக்கிற மாதிரி இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் குடித்தோம்.

டேப் விஷயத்தைச் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றேன். சுவர் இன்னும் ஈரமாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அண்ணன் போய்க் கூப்பிட, தச்சர் நாளைக்கு வந்தார். உடன் வருகிற அவர் மைத்துனன் வரவில்லை. பலகை நீளம், இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ஒரு முனையை அண்ணன் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன். பழைய இரண்டையும் கழற்றி இறக்கினோம். எந்தப் பக்கத்துக்கும் ஆகிற மாதிரி நீளமாக ஒரு புதுப் பலகை கொண்டுவந்திருந்தார். எங்கே இணைப்பது என்று வந்ததும் ஆரம்பித்துவிட்டது. கைமரம் என் பக்கம்தான் இருக்கிறது, உங்கள் பலகை வரட்டும் என்றேன். வேண்டாம், இந்தப் பக்கத்துக் கைமரம் ஒரு முழம் தள்ளி இருக்கிறது, உன் பலகை என் பக்கம் ஒரு முழம் வரட்டும் என்றார். நான் சாண் என்கிறேன், அவர் முழம் என்கிறார். நாளைக்கு ஏணியிலிருந்து இறங்கி, "நீங்க பேசி முடிங்க சார், நான் நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பியேவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினோம்.

அப்புறம் அண்ணன் ஏணியில் ஏறினார். நடுச்சுவருக்கு நேராகக் கட்டை விரலை வைத்து, என் பக்கமாகக் கையை விரித்தார். சுண்டுவிரல் முடிகிற இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். டேப் எடுக்கவில்லை. கை கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது, நாளைக்கு அதைச் சரிபண்ணிக்கொண்டார். நேற்று மழை பெய்தது. இரண்டு பேரும் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றோம்.

விற்பதைப் பற்றி இன்னும் அண்ணனிடம் பேசவில்லை. பேச வேண்டும். அங்கே அவள் அந்தச் சமையலறை ஜன்னலை மறக்க மாட்டாள், இங்கே நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று நிஜமாகவே தெரியவில்லை. பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புதுசு, சத்தமே போடுவதில்லை. பழைய கொக்கியையே மாட்டச் சொல்லியிருக்கிறீர்கள், இங்கே வந்துதான் பார்த்தேன்.

இதனுடன் இன்னொரு உறை இருக்கிறது. அண்ணன் கொடுத்தார். ஒட்டித்தான் கொடுத்தார், நான் படிக்கவில்லை. இதை எழுதி முடிக்க அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துவிட்டார்.

உங்கள் தம்பி


ஜனவரி 2

தம்பிக்கு,

அவர் கையெழுத்து வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அரை நோட்டைக் கிழித்தவர் எழுதியது மூன்றே வரி. நீ ஒருத்தன் மட்டும் தெரிந்துகொள், அப்புறம் இதைப் பற்றி என்னிடமும் பேசாதே, அவரிடமும் பேசாதே. 'இப்போது ஒழுகவில்லை' என்பது முதல் வரி. 'அன்றைக்கு எந்தப் பக்கம் விழுந்தாய் என்று கேட்டேன்' என்பது இரண்டாவது வரி. அதை ஒரு தரம் அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறார். மூன்றாவது வரி: 'எங்கே அடிபட்டது?'

வா என்று எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆகியிருக்காது. ராத்திரி சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது, காரம் என்று தங்கையிடம் சொன்னேன்.

நீ விற்பதும் விற்காததும் உன் அண்ணனிடம் பேச வேண்டியது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன், அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. எது நடந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அது போதும். ஊருக்குத் திரும்பியதும் பாதத்துக்குக் கம்பளி உறை வாங்கிப் போடு. அதை மட்டும் எனக்கு எழுது.

அவருக்குப் பதில் எழுதி நானே தபாலில் சேர்த்துவிட்டேன். உன் கடிதத்துக்குள் வைத்து அனுப்பவில்லை. எப்போது வருவேன் என்று அதில் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் எழுதினேன்.

'இடது இடுப்பில். முழங்கையிலும் கொஞ்சம். இன்னும் வலிக்கிறது.'

அண்ணி